மின்கம்பியும் ஏட்டுச் சுவடியும்

தமிழ் பயிலும் மாணவனொருவன் மின்சாரத்தைக் குறித்து எழுதப் புகுவது சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். மின்சாரம் பௌதிக மாணவர்க்கு உரியது. சுவடியும் சூத்திரமுமே எமக்கு உரியன என்று அவர் கூறக்கூடும். ஆயினும் என் ஊரில் யான் கண்ட சில நிகழ்ச்சிகள், இவ்விரண்டும் அத்துணைத் தொலைவில் நிற்பன அல்ல என்பதை எனக்கு உணர்த்தின. இற்றைநாளில் மின்வழங்கு நிறுவனங்கள் தம் பழங்கணக்குகளைக் கணிப்பொறி வரைபடங்களுக்குப் பெயர்த்தெழுதி வருகின்றன. இவ்வேலை வெறும் படியெடுப்பன்று. ஏட்டுச் சுவடியை ஆராய்ந்து பதிப்பித்தல் போன்றதோர் அரிய தொழில். அதனை அவ்வாறு கருதாதவிடத்து உயிருக்கே கேடு விளையும் என்பது எனது துணிபு. அத்துணிபிற்குரிய காரணங்களை நம் கல்லூரி அன்பர்கள் முன் வைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எமது ஊர் இருக்கன்குடியின் பக்கத்தது. சாத்தூருக்கு அண்மையில், அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் அமைந்து, மாரியம்மன் கோயிலால் பெயர்பெற்று விளங்குவது இருக்கன்குடி. இரு கங்கைகளின் நடுவண் இருத்தலின் 'இருகங்கைக்குடி' எனப்பட்டுப் பின்னர் இவ்வாறு மருவிற்று என்று அவ்வூரார் கூறுவர். மேற்புறத்துச் சிவகாசி வட்டாரம் பட்டாசு, தீப்பெட்டி, அச்சு ஆகிய முத்தொழிலால் வாழ்வது. ஆற்றோரத்து ஊர்களோ கிணற்றுப் பாசனத்தால் வாழ்வன. இப்பகுதியில் என் பெரியப்பா முப்பதாண்டுகளாக மின்பாதைப் பணியாளராக உழைத்து வருகின்றார். ஊரார் அவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. 'லைன்மேன்' என்றே அழைப்பர்.

இரண்டாண்டுகளுக்கு முன் ஐப்பசி மழையில் ஒரு பம்புசெட்டுக்குச் செல்லும் கம்பி அறுந்து தொங்கிற்று. வேறு மாவட்டத்தினின்று புதிதாய் வந்த இளம் பணியாளர் ஒருவர் அலுவலகப் பதிவேட்டைப் பார்த்து, அவ்விணைப்பு இன்ன டிரான்ஸ்பார்மரைச் சார்ந்தது என்று அறிந்து, அதன் பீஸ்களைப் பிடுங்கிவிட்டுக் கம்பத்தில் ஏற முற்பட்டார். பின்னே வந்த என் பெரியப்பா அவரைத் தடுத்து நிறுத்தி, எர்த் ராடு என்னும் நிலத்தொடர்புக் கோலைக் கம்பியில் மாட்டினார். மாட்டிய கணத்தே பொறி பறந்தது. கம்பியில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது! பழைய டிரான்ஸ்பார்மர் சுமை தாங்காமையால், சில பம்புசெட்டுகளை முன்னொரு கோடையில் புதிய டிரான்ஸ்பார்மருக்கு மாற்றியிருந்தனர், பதிவேட்டை மாற்றினாரில்லை. "ஏட்டில் இருப்பது வேறு தம்பி, கம்பத்தில் இருப்பது வேறு," என்று அவர் அவ்விளைஞரிடம் கூறியதாகப் பின்னர் எம்மிடம் சொன்னார். அவ்விளைஞர்க்கு மணமாகி ஆறு திங்களே ஆகியிருந்தன.

இது நிற்க. சென்ற கோடை விடுமுறையில் யான் ஊரிலிருந்தபோது, கைப்பேசியை ஏந்திய இரு இளைஞர் கம்பந்தோறும் நின்று படம் பிடித்துக் குறிப்பெழுதி வந்தனர். மின்பாதைகளைக் கணிப்பொறி வரைபடத்தில் ஏற்றும் பணியை ஒப்பந்தத்தில் மேற்கொண்டவர்களின் ஆட்கள் என்று அறிந்தேன். ஒரு பம்புசெட்டின் முன் நின்று அவர்கள் தயங்கினர். கைப்பேசித் திரையில் 'எந்த டிரான்ஸ்பார்மர்?' என்று ஒரு கட்டம் இருந்தது. அதனை வெறிதாக விட்டால் அடுத்த பக்கத்திற்குச் செல்லவியலாது. 'தெரியாது' என்று எழுதவும் அதில் இடமில்லை. ஆகவே அவர்கள் கண்ணுக்கு அணித்தாய்த் தோன்றிய டிரான்ஸ்பார்மரின் எண்ணைத் தேர்ந்து இட்டுவிட்டு மேலே நடந்தனர். அவர்கள் இட்ட எண், மேற்கூறிய அப்பழைய டிரான்ஸ்பார்மரின் எண்ணே! அவ்விளைஞர்களைக் குறை கூறேன். வெயிலில் நாளொன்றுக்கு இத்தனை கம்பங்கள் என்று கணக்குக் கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள். ஆயின், பழுதுபட்ட பதிவேட்டின் பிழை, புதிய அழகிய வரைபடத்தில் ஐயமற்ற உண்மைபோல் ஏறி அமர்ந்ததை என் கண்ணாற் கண்டேன். அன்றே இக்கட்டுரை என் உள்ளத்தில் தோன்றிற்று.

இப்பெயர்த்தெழுதும் வேலை எவ்வாறு வந்தது என்பதைச் சிறிது கூறுவேன். தமிழ்நாட்டு மின்சார வாரியம் 1957 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள் தோன்றியது. 2010 நவம்பர்த் திங்களில் அது பிரிக்கப்பட்டு, உற்பத்தியும் பகிர்மானமும் ஒரு கழகத்திடமும், மின்தொடரமைப்பு மற்றொரு கழகத்திடமும் சென்றன. 2024 இல் மீண்டும் பிரிக்கப்பட்டு, பகிர்மானம் மட்டும் தமிழ்நாடு மின்பகிர்மானக் கழகத்திற்கு உரியதாயிற்று. மாவட்டங்களும் இடையிடையே பிரிந்தன. எமது விருதுநகர் மாவட்டமே 1985 இல் இராமநாதபுரத்தினின்று பிரிந்து தோன்றியது. இத்துணை மாற்றங்களுக்கிடையே கம்பிகள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றன. அவற்றின் கணக்கோ ஓர் அலுவலகத்தினின்று மற்றோர் அலுவலகத்திற்குக் கைமாறிக்கொண்டே வந்தது.

நம் வீட்டு மின்கட்டண அட்டையிலுள்ள இணைப்பெண்ணை எடுத்துப் பாருங்கள். அதன் முதல் இரண்டு இலக்கங்கள் மண்டலத்தையும், அடுத்த மூன்று பிரிவு அலுவலகத்தையும், அதனையடுத்த மூன்று பகிர்மானத்தையும், எஞ்சியவை வரிசை எண்ணையும் குறிக்கும். பணம் வாங்குவதற்கு இஃது ஏற்ற எண். எந்த அலுவலகத்துக் கணக்கு என்பதை நொடியில் காட்டும். ஆனால் எந்தத் துணைமின் நிலையத்தினின்று, எந்த மின்பாதை வழியாக, எந்த டிரான்ஸ்பார்மரின் எந்தக் கம்பியால் மின்சாரம் அவ்வீட்டை அடைகின்றது என்பதை அவ்வெண் சொல்லாது. அது நிருவாகத்தின் வமிசாவளி. மின்சாரத்தின் வமிசாவளி அன்று.

இக்குறையை நீக்கவே 2008 இல் மத்திய அரசு தொடங்கிய ஆர்-ஏ.பி.டி.ஆர்.பி. என்னும் சீர்திருத்தத் திட்டம், ஒவ்வொரு நுகர்வோரையும் அவர்க்குரிய டிரான்ஸ்பார்மரோடும் மின்பாதையோடும் பொருத்திக் காட்டும் புவித்தகவல் வரைபடத்தை வேண்டிற்று. ஜி.ஐ.எஸ். என்று சுருக்கி வழங்குவது இதுவே. ஆனால் அத்திட்டம் பொதுவாக முப்பதினாயிரத்திற்கு மேற்பட்ட மக்கள்தொகையுடைய நகரங்களையே கொண்டது. இருக்கன்குடி போன்ற சிற்றூர்கள் அதன் எல்லைக்கு வெளியே நின்றன. 2021 இல் தொடங்கிய ஆர்.டி.எஸ்.எஸ். என்னும் திட்டம், தானே கணக்குச் சொல்லும் திறன்மிகு மின்மானிகளை நாடெங்கும் பொருத்துவதை நோக்கமாகக் கொண்டது. ஒரு டிரான்ஸ்பார்மரில் புகுந்த மின்சாரம் எவ்வளவு, அதன்கீழ் உள்ளோர் நுகர்ந்தது எவ்வளவு என்று ஒப்பிட்டு இழப்பைக் காண வேண்டுமாயின், அதன்கீழ் உள்ளோர் யாவர் என்பது முதலில் தெரிய வேண்டுமன்றோ? ஆகவே நகரங்களோடு நில்லாது, ஆற்றோரத்துப் பம்புசெட்டு வரையிலும் இவ்வரைபடம் வந்து சேரவேண்டியதாயிற்று.

ஈண்டு ஒன்று நோக்கற்பாலது. வீட்டிணைப்புக்கு இரண்டு திங்களுக்கொருமுறை கணக்கெடுப்பார் வருவார். ஆதலின் அதன் குறிப்பு ஓரளவு திருந்தியிருக்கும். உழவர்க்கு 1990 முதல் மின்சாரம் விலையின்றி வழங்கப்பட்டு வருதலின், பம்புசெட்டுகள் பெரும்பாலும் மின்மானி இன்றியே நிற்கின்றன. கணக்கெடுக்க எவரும் செல்லாத இணைப்பின் குறிப்பைத் திருத்துவார் யார்? எனவே எங்குப் பிழை மிகுதியோ அங்கேயே பார்ப்பார் குறைவு. எம்மூர் நிகழ்ச்சி பம்புசெட்டுக் கம்பியில் நேர்ந்தது வியப்பன்று.

இனி, வரைபடமும் ஒருவகைப்பட்டதன்று. உலகில் மின்வழங்கு நிறுவனங்கள் பல கைக்கொண்டுள்ள எஸ்ரி என்னும் நிறுவனத்தின் மென்பொருளில் முன்பு 'ஜியோமெட்ரிக் நெட்வொர்க்' என்னும் அமைப்பு வழங்கிற்று. அதில் இரு கோடுகளின் முனைகள் ஒரே புள்ளியில் பொருந்தினால் அவை இணைந்தன என்று கொள்ளப்படும். 2018 இல் 'யுடிலிட்டி நெட்வொர்க்' என்னும் புதிய அமைப்பு வெளிவந்தது. பழைய அமைப்பைத் தாங்கிய ஆர்க்மேப் என்னும் மென்பொருளுக்கு 2026 மார்ச்சு முதல் நாளோடு ஆதரவை நிறுத்துவதாக அந்நிறுவனம் அறிவித்தது. ஆகவே, ஒருமுறை கணிப்பொறியில் ஏற்றிவிட்டோம் என்று மகிழ்ந்திருந்த அயல்நாட்டு நிறுவனங்களும் தம் கணக்கை இரண்டாம் முறை பெயர்த்தெழுத வேண்டியவையாயின.

புதிய அமைப்பின் சிறப்பு யாதெனின், அது மிகுதியாக வினவுவது. இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகின்றன. நீர் ஒன்றாய்க் கலக்கின்றது. ஓர் ஆற்றின்மேல் பாலம் செல்கின்றது. வரைபடத்தில் சாலைக்கோடும் ஆற்றுக்கோடும் வெட்டிக்கொள்கின்றன. ஆயினும் சாலையில் நீர் ஓடுவதில்லை. அவ்வாறே ஒரே கம்பத்தில் மேலே உயரழுத்தக் கம்பியும் கீழே தாழ்வழுத்தக் கம்பியும் செல்லலாம். அவை கம்பத்தைப் பகிர்வனவேயன்றி மின்சாரத்தைப் பகிர்வன அல்ல. புதிய அமைப்பு இவற்றைத் தனித்தனியே எழுதச் சொல்கின்றது. எது எதனோடு மின்னால் இணைந்தது, எது எதனுள் அடங்கியது, எது எதன்மேல் தாங்கப்பட்டது என்று மூன்று உறவுகளை அது பிரித்துக் கேட்கின்றது. டிரான்ஸ்பார்மர் என்று ஒரு புள்ளி வைத்தால் போதாது. 11 அல்லது 22 கிலோவோல்ட்டு மின்சாரம் புகும் வாய் எது, 433 வோல்ட்டாய் வெளிவரும் வாய் எது என்று வினவும். மும்முனை மின்சாரத்தின் எந்த முனை இந்த வீட்டிற்குச் செல்கின்றது என்று வினவும். விதிக்கு மாறான இணைப்பை ஏலாது; திருத்திவிட்டுச் சரிபாராத பகுதியை 'மாசுற்ற பகுதி' என்று தனியே குறித்துக் காட்டும்.

இவ்வினாக்கள் வீணானவை அல்ல. சிவகாசியில் ஓர் அச்சகத்தாரைக் கேளுங்கள்: மும்முனைகளுள் இரண்டு இடம் மாறினால் மோட்டார் எதிர்ப்புறம் சுழலும் என்பதை அவர் அறிவார். பம்புசெட்டு உழவரும் அறிவார். எம்மூர்க் கம்பத்தில் ஏற முற்பட்ட இளைஞரோ, ஒரு விடையின் பிழையால் எமன் வாயில் வரை சென்று மீண்டார். ஆதலின் புதிய அமைப்பை யான் பழிப்பேனல்லேன், வரவேற்கின்றேன். யான் அஞ்சுவது வேறொன்று. பழைய ஏடு சொல்லாததைப் புதிய ஏடு கேட்கும்போது, விடையை எங்கிருந்து கொணர்வது? இவ்விடத்தேதான் தமிழ் மாணவனாகிய யான் வாய்திறக்க உரிமையுடையேன் என்று கருதுகின்றேன்.

ஏனெனில் இத்தகைய பெயர்ப்பு நம் மொழியில் முன்னரே நிகழ்ந்துள்ளது. குறில் எகர ஒகரங்கள் புள்ளி பெறும் என்று தொல்காப்பியர் விதித்தாரேனும், பனையோலையில் எழுதினோர் புள்ளியைப் பெரும்பாலும் இட்டாரில்லை. மெய்யெழுத்துக்கும் புள்ளியில்லை, சொற்களுக்கிடையே இடைவெளியுமில்லை. ஆகவே சுவடியில் 'எரி' என்பதும் 'ஏரி' என்பதும் ஒரே வடிவாய் நின்றன. ஒன்று தீ, மற்றொன்று நீர்! குறிலையும் நெடிலையும் வடிவால் வேறுபடுத்தும் இக்கால வழக்கை வீரமாமுனிவர் ஏற்படுத்தினார் என்பர். அவர் செய்தது எழுத்தின் அமைப்பையே மாற்றியது. அம்மாற்றத்திற்குப் பின் பழஞ்சுவடியைப் பெயர்த்தெழுதுவோன் ஒவ்வோரிடத்தும், 'இது குறிலா நெடிலா?' என்ற வினாவிற்கு விடையிறுத்தே தீரவேண்டும். சுவடியோ விடை சொல்லாது. பொருளறிந்தவன் சொல்ல வேண்டும். பொருளறியாது கைபோன போக்கில் சுழியிட்டவன் தீயை நீராக்கினான்.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1887 இல் சீவகசிந்தாமணியையும், 1889 இல் பத்துப்பாட்டையும், 1894 இல் புறநானூற்றையும் அச்சிட்டார்கள். அவர்கள் செய்தது படியெடுப்பாயின் ஒரு பிரதியும் ஓர் எழுத்தனும் போதும். அவர்களோ ஊர் ஊராய் அலைந்து பல பிரதிகளைத் தேடி ஒப்புநோக்கினார்கள். பிரதிகள் வேறுபட்டவிடத்துப் பாடபேதம் காட்டினார்கள். அவையனைத்தினும் பெரிதாய் யான் போற்றுவது மற்றொன்று. புறநானூற்றில் 267, 268 ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. வேறு சில பாட்டுகளில் அடிகள் சிதைந்துள்ளன. அப்பெரியார் தாமே பாடி அவ்விடங்களை நிரப்பினாரல்லர். நிரப்பும் புலமை அவர்க்கு இல்லாமலா? இல்லாததை இல்லாததாகவே காட்டிப் புள்ளியிட்டு நிறுத்தினார். அவ்வெற்றிடத்தின் நேர்மையாலேயே எஞ்சிய பாட்டுகளை நாம் ஐயமின்றி நம்புகின்றோம்.

மின்வழி ஏட்டைப் பெயர்ப்போர்க்கும் இந்நேர்மை வேண்டும். அறியாத இடத்தை ஊகத்தால் நிரப்பினால், அவ்வூகம் சில ஆண்டுகளில் உண்மைபோல் உறைந்துவிடும். எது கண்டெழுதியது, எது எண்ணியெழுதியது என்று பின்வருவோர் பிரித்தறியார். இஃது என் கற்பனை அன்று. அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் சான் புரூனோ என்னும் நகரில் 2010 செப்டம்பர் 9 ஆம் நாள் மாலையில் நிலத்தடி எரிவாயுக் குழாய் வெடித்தது. எண்மர் மாண்டனர், பல வீடுகள் வெந்தன. 1956 இல் புதைக்கப்பட்ட அக்குழாய் ஒட்டுத் தையலற்றது என்று நிறுவனத்தின் கணிப்பொறி வரைபடம் கூறிற்று. வெடித்த குழாயைத் தோண்டியெடுத்துப் பார்த்தபோது அது நெடுகப் பற்றவைத்த தையலுடையதாய், அத்தையலும் குறைபட்டதாய் இருந்தது. ஆராய்ந்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், அப்பாதையைக் குறித்த கணிப்பொறிப் பதிவுகளில் ஊகித்தெழுதியனவும், அறியப்படாதனவும், பிழையானவையும் பெருமளவில் கலந்திருந்தன என்று 2011 இல் அறிக்கையிட்டது. செல்வமும் கருவியும் மிக்க நாட்டிலேயே ஏட்டுப்பிழை இவ்வாறு உயிர்ப்பலி கொண்டதாயின், நாம் எத்துணை விழிப்பாய் இருத்தல் வேண்டும்!

எம் பகுதி மக்கட்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பட்டாசு ஆலைக்கு உரிமம் வேண்டுவோர், ஒவ்வொரு கொட்டகையும் எங்குள்ளது, ஒன்றற்கொன்று எவ்வளவு தொலைவு என்று காட்டும் வரைபடத்தைக் கொடுத்தல் வேண்டும். அவ்வரைபடமும் நிலமும் ஒத்திருக்குங்கால் ஒரு கொட்டகையின் தீ அதனோடு ஒழியும்; வேறுபட்டால் நேர்வது யாதென்பதை எம்மூர்ப் பக்கத்துத் தாய்மார் அறிவர். தாளுக்கும் தரைக்கும் உள்ள வேறுபாடு எம்மிடத்தே என்றும் உயிரால் அளக்கப்படுகின்றது.

இதற்கு மறுப்புரைப்போர் சிலர் உளர். தமிழ்நாட்டில் மூன்று கோடிக்கு மேற்பட்ட மின்னிணைப்புகள் உள்ளன. ஒவ்வொன்றையும் நடந்து கண்டு எழுதுவதென்றால் ஊழிக்காலமாகும். ஆகவே முதலில் நிரப்புவோம், பிறகு திருத்துவோம் என்பர். இக்கூற்றின் முற்பகுதி மெய்யே. பிற்பகுதியையே யான் மறுக்கின்றேன். நிரப்பிய பின் திருத்த வேண்டுமாயின் எதைத் திருத்துவது என்று தெரிய வேண்டும். வெறிதாய் விட்டது கண்ணுக்குத் தெரியும். பொய்யாய் நிரப்பியது தெரியாது. வேறு சிலர், திறன்மிகு மின்மானிகள் வந்துவிட்டால் மின்னழுத்தத்தின் ஏற்றத்தாழ்வை ஒப்பிட்டு எந்த வீடு எந்த டிரான்ஸ்பார்மரைச் சார்ந்தது என்று பொறியே கண்டு சொல்லும் என்பர். அதுவும் ஓரளவு மெய்யே. எனினும் மின்மானியே இல்லாத பம்புசெட்டைக் குறித்து அப்பொறி என்ன சொல்லும்? அன்றியும், பொறி சொல்வதும் ஊகமே. நல்ல ஊகம் என்பதே வேறுபாடு.

ஆகவே எளியேன் வேண்டுவன நான்கு.

முதலாவது, ஒவ்வொரு கட்டத்திலும் 'தெரியாது' என்று எழுதுவதற்கு இடம் வேண்டும். தெரிந்ததாயின் எவர் கண்டார், எந்நாளில் கண்டார், கண்ணாற் கண்டதா, பழைய ஏட்டினின்று எடுத்ததா என்பது அதனருகே நிற்க வேண்டும். இதுவே மின்வழி ஏட்டின் பாடபேதக் குறிப்பு. ஒப்பந்தக்காரர்க்குக் கூலி கொடுக்குங்கால், நிரம்பிய கட்டங்களை மட்டும் எண்ணாது, நேர்மையாய் விட்ட வெற்றிடங்களையும் வேலையாகவே எண்ணுதல் வேண்டும். அன்றேல் வறுமையே பொய் எழுதச் செய்யும்.

இரண்டாவது, கைப்பேசி ஏந்திய இளைஞர் தனியே செல்லாது, அவ்வூர் லைன்மேனோடு செல்லல் வேண்டும். ஐயமுள்ள இணைப்புகளைக் கண்டறியத் தனியே மின்சாரத்தை நிறுத்த வேண்டுவதில்லை. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நம் ஊர்களில் முன்னறிவித்தே நிகழ்கின்றது. அந்நாளில் வேலை முடிந்து மின்சாரத்தைத் திரும்பக் கொடுக்கும்போது டிரான்ஸ்பார்மர்களை ஒவ்வொன்றாய்த் தொடுத்து, எந்தப் பம்புசெட்டின் விளக்கு எரிந்தது என்று குறித்துக்கொண்டால், ஓராண்டில் ஒரு பிரிவின் பெரும்பாலான ஐயங்கள் தீரும். இஃது என் பெரியப்பா சொன்ன வழி; யான் எண்ணிக் கண்டதன்று.

மூன்றாவது, பழைய பதிவேட்டையும் பழைய எண்ணையும் அழித்துவிடலாகாது. புதிய எண்ணின் அருகே பழையதும் நிற்கட்டும். அச்சு நூல் வந்தபின் சுவடியை ஆற்றிலிட்டவர்களால் தமிழ் இழந்தது எவ்வளவு என்பதை நாம் அறிவோம். பழையது பிழையுடையதாயினும், பிழை எவ்வாறு நுழைந்தது என்று காட்டுவது அதுவே.

நான்காவது, களத்தில் ஒரு கம்பியை மாற்றினால், ஏட்டில் மாற்றும்வரை அவ்வேலை முடிந்ததாகக் கருதலாகாது. மாற்றியவரே தம் கைப்பேசியில், தமிழில், தம் சொல்லில் அதனை எழுத வழி வேண்டும். 'புளியமரத்துப் போஸ்ட்', 'வண்ணான்துறைப் போஸ்ட்' என்று அவர்கள் வழங்கும் பெயர்கள் இகழத்தக்கன அல்ல. எண் அழிந்த கம்பத்தை இருளிலும் மழையிலும் கண்டுபிடிக்க உதவுவன அவையே. அயல்மொழித் திரையும் அயலூர் எண்ணும் அவரை எழுதவொட்டாது தடுக்குமாயின், அவரது அறிவு அவர் நெஞ்சிலேயே தங்கி, அவர் ஓய்வு பெறும் நாளில் அவரோடு வீடு சென்றுவிடும்.

ஆம், அந்நாள் தொலைவில் இல்லை. என் பெரியப்பா வரும் ஆண்டில் ஓய்வு பெறுகின்றார். ஆடி மாதக் கடைசி வெள்ளியன்று இருக்கன்குடியில் இலட்சக்கணக்கான மக்கள் கூடுவர். ஆற்று மணலெங்கும் கடைகளும் பந்தல்களும் எழும்; அவற்றுக்கெல்லாம் தற்காலிக இணைப்புகள் கொடுக்கப்படும்; எங்கெங்கோ ஜெனரேட்டர்கள் ஓடும். அவ்விரவில் எந்தக் கம்பி எங்கிருந்து உயிர் பெறுகின்றது என்பதை நெஞ்சில் வைத்துக்கொண்டு கம்பத்தடியில் விழித்திருப்போர் சிலரே. எல்லார் வழிபாடும் இனிது நிறைவேறுமாறு கிறிஸ்தவராகிய என் பெரியப்பாவும் பல்லாண்டு அவ்வாறு விழித்திருந்திருக்கின்றார். அடுத்த ஆண்டுகளில் அவரிடத்தில் நிற்பவர் எதை நம்பி நிற்பார்? புதிய வரைபடத்தையே நம்பி நிற்பார். அது நம்பத்தக்கதாய் இருத்தல் வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

அவரிடம் ஒரு சிறு டைரி உள்ளது. சிவகாசியில் அச்சிட்ட பழைய ஆண்டு டைரி. அதில் எந்த டிரான்ஸ்பார்மரிலிருந்து எந்தத் தோட்டத்துக்குக் கம்பி செல்கின்றது என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கின்றார். வியர்வையிலும் மழையிலும் பல பக்கங்கள் மங்கிவிட்டன. விடுமுறையின் கடைசி வாரத்தில் அவர் சொல்லச் சொல்ல அதனை ஒரு புதிய நோட்டில் பெயர்த்தெழுதினேன். சிலவிடத்து அவர் நெற்றியைச் சுருக்கி, "இது சரியாய் நினைவில்லை தம்பி," என்றார். அணித்தாய் நிற்கும் டிரான்ஸ்பார்மரின் எண்ணை இட்டுவிடலாமா என்று எனக்கும் ஆசை எழுந்தது. இட்டிலேன். புறநானூற்றுப் பதிப்பை நினைந்து, அவ்விடங்களில் புள்ளியிட்டு வெறிதாக விட்டேன். அத்தகைய இடங்கள் ஏழு. வரும் விடுமுறையில் பெரியப்பாவோடு ஆற்றோரம் நடந்து அவ்வேழையும் கண்ணாற் கண்டு எழுதுவதாக எண்ணியுள்ளேன்.